கீட்ஹோர்னில் ஊர் முதலில் வந்ததா, தண்ணீர் முதலில் வந்ததா?

நெதர்லாந்தில் சாலையே இல்லாத கிராமம் என்று கீட்ஹோர்னைப் பற்றி ஒரு காணொளியில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். சாலை போடுவதை விட்டுவிட்டு யாராவது வாய்க்கால் வெட்டி ஊரை அமைப்பார்களா என்றும், வெள்ளத்தில் மாண்ட ஆடுகளின் கொம்புகளால்தான் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது என்பது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும் அவற்றின் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: அங்கே முதலில் வந்தது ஊரா, தண்ணீரா? ஊர்தான் முதலில் வந்தது. இன்று படகு ஓடும் நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஒரு காலத்தில் நிலமாக இருந்தது. அந்த நிலத்தை ஊர்க்காரர்களே வெட்டி எடுத்து, உலர்த்தி, எரிபொருளாக விற்றார்கள். எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நிரம்பியது. மற்றவை எல்லாம் இதன் விளைவுகள்.

நான் நீர்வளப் பொறியாளன். டெல்ஃப்டில் முதுகலை படித்த காலத்தில் தாழ்நில வடிகால் எங்கள் பாடங்களில் ஒன்று. அதன் பொருட்டு இந்த வட்டாரத்துக்கு இருமுறை களப்பயணம் போயிருக்கிறேன். இடைக்கால ஆவணங்களை மூலத்தில் படிக்கும் பயிற்சி எனக்கு இல்லை. ஆகவே மண்ணையும் நீரையும் பற்றிச் சொல்லும்போது என் துறையின் துணிவோடு சொல்வேன். தொடக்ககாலக் குடியேற்றத்தைப் பற்றிச் சொல்லும்போது சற்று அடக்கி வாசிப்பேன்.

முதலில் சாலைக் கதையை முடித்துவிடலாம். கீட்ஹோர்ன் ஓவரெய்சல் மாகாணத்தில், ஸ்டேன்வெய்க் நகரத்துக்குத் தென்மேற்கே, மூவாயிரத்துக்கும் குறைவானவர்கள் வாழும் ஊர். பழைய ஊர்ப்பகுதியில் மட்டும்தான் கார் போக வழியில்லை. நீண்டு செல்லும் ஒரு வாய்க்கால், அதன் ஓரமாக நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் ஒடுங்கிய பாதை, வீட்டுக்கு வீடு மரப்பாலம் என்பதுதான் அங்குள்ள அமைப்பு. பாலங்கள் 170-க்கும் மேல்; அவற்றில் பல தனியாருக்குச் சொந்தமானவை, ஒரே ஒரு வீட்டு வாசலில் போய் முடிபவை. அதற்குச் சற்று மேற்கே, ஊருக்கு இணையாக, பேருந்தும் லாரியும் ஓடும் சாதாரண நெடுஞ்சாலை ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் கார் வைத்திருக்கிறார்கள்; நிறுத்திவிட்டு நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். காணொளி எடுப்பவர்கள் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை, அவ்வளவுதான்.

இனி மண்ணுக்கு வருவோம். நம் ஊர் நாற்றுப் பண்ணைகளில் ‘கோகோ பீட்’ என்று தென்னை நார்க்கழிவை விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரில் உள்ள ‘பீட்’தான் இந்த ஊரின் வரலாறு. தண்ணீர் தேங்கிய சதுப்பில் நாணலும் பாசியும் கோரையும் ஆண்டுதோறும் வளர்ந்து மடிகின்றன. காற்று புகாததால் முழுதாக மட்காமல், அடுக்கின்மேல் அடுக்காகப் படிந்துவிடுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் ஒரு மீட்டர் படிவு உண்டாக ஓராயிரம் ஆண்டு ஆகும். உலர்த்தினால் இது எரியும். விறகுக்கு உயர்ந்தது, நிலக்கரிக்குத் தாழ்ந்தது. தோட்டக்கலையிலும் இதற்குப் பெரும் தேவை இருந்தது. அதற்கு மாற்றாக வந்ததால்தான் தென்னைக் கழிவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இன்று நெதர்லாந்துப் பசுமைக்குடில்களுக்குக் கப்பலேறுவதும் அதுவே.

நெதர்லாந்தின் பீட் நிலங்களில் இடைக்காலக் குடியேற்றம் நடந்த முறை பொதுவாக எல்லா இடத்திலும் ஒன்றுதான். சதுப்பில் இணையிணையாக வடிகால் வெட்டுவார்கள். நீர் வடிந்ததும் இடைப்பட்ட நீண்ட பட்டைகளில் பயிரிடுவார்கள் அல்லது மாடு மேய்ப்பார்கள். நீர் வடிந்த பீட் சுருங்கும். அதோடு காற்று பட்டதும் மட்கத் தொடங்கி, கரியமில வாயுவாகக் காற்றோடு போய்விடும். நிலம் தாழும், மறுபடி ஈரம் ஏறும், மறுபடி ஆழமாக வெட்டுவார்கள், மறுபடி தாழும். சில தலைமுறைகளில் தானியப் பயிர் கைவிட்டுப்போய், மேய்ச்சல் ஒன்றே மிஞ்சும். உழைத்தவன் செய்த தவறு என்று இதில் எதுவும் இல்லை. அந்த மண்ணின் குணம் அது. கீட்ஹோர்ன் வட்டாரம் அன்று உத்ரெக்ட் பிஷப்பின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது; 1528-இல்தான் அது ஐந்தாம் சார்ல்ஸ் பேரரசர் கைக்கு மாறியது.

ஊரைத் தொடங்கியவர்கள் யார் என்பதற்குச் சுற்றுலாக் கையேடுகள் ஒரு கதை வைத்திருக்கின்றன. 1230 வாக்கில், தம்மைத் தாமே சவுக்கால் அடித்துக்கொண்டு பாவமன்னிப்புத் தேடிய ஒரு கூட்டத்தார், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து தப்பி வந்து இங்கே குடியேறினார்களாம். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் காலம் ஒத்துவரவில்லை. அப்படிச் சவுக்கடி ஊர்வலம் போகும் இயக்கம் இத்தாலியின் பெருஜியா நகரில் 1260 வாக்கில் எழுந்தது; நெதர்லாந்துப் பகுதிகளுக்கு அது வந்தது கொள்ளைநோய்க் காலமான 1349-இல். பிறக்காத இயக்கத்தின் அகதிகள் முப்பது ஆண்டு முன்னதாக வந்து சேர முடியாது. வேறு ஏதோ ஒரு சமயக் குழுவினர் வந்திருக்கலாம், அந்த நினைவு பின்னாளில் இந்தப் பெயரைப் பூண்டிருக்கலாம் என்பது வரை ஊகிக்க இடமுண்டு; அதற்கு மேல் இல்லை.

ஆட்டுக் கொம்புக் கதையும் இதே போன்றதுதான். குடியேறியவர்கள் சதுப்பைக் கிளறியபோது ஏராளமான காட்டாட்டுக் கொம்புகள் கிடைத்தன, அவை 1170-ஆம் ஆண்டின் ‘புனித எலிசபெத் வெள்ளத்தில்’ மாண்ட ஆடுகளுடையவை, எனவே ‘ஆட்டுக்கொம்பு’ என்ற பொருளில் ஊர்ப்பெயர் அமைந்தது என்கிறார்கள். 1170-இல் பெருவெள்ளம் வந்தது உண்மை. கடல் உள்ளே புகுந்து பின்னாளைய சைடர்சே வளைகுடா விரிவதற்கு வழிசெய்த வெள்ளங்களில் அது முக்கியமானது. ஆனால் அதன் பெயர் ‘அனைத்துப் புனிதர் வெள்ளம்’. புனித எலிசபெத் வெள்ளம் என்று பேர்போனது 1421-இல், நாட்டின் தென்மேற்கே நிகழ்ந்தது. மேலும் எலிசபெத் அம்மையார் பிறந்ததே 1207-இல். புனிதராக அறிவிக்கப்பட்டது 1235-இல். கதை சொன்னவர்கள் இரண்டு வெள்ளங்களைக் கலந்துவிட்டார்கள், அதை ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுத்துக்கொண்டே வருகிறார்கள். பெயரின் முற்பகுதி ஆட்டைக் குறிக்கிறது என்று கொள்ளத் தடையில்லை. பிற்பகுதியான ‘ஹோர்ன்’ என்பதற்குக் கொம்பு என்ற பொருளோடு, நீட்டிக்கொண்டிருக்கும் நிலமூலை என்ற பொருளும் டச்சு ஊர்ப்பெயர்களில் உண்டு. ஆகவே ‘ஆட்டுமூலை’ என்று கொள்வதும் பொருந்தும். என்னைக் கேட்டால், மேய்ச்சல் ஊருக்கு அந்தப் பொருளே இயல்பானது. ஆயினும் இது என் சாய்வு மட்டுமே.

இதுவரை சொன்னதில் படகு ஓடும் ஊர் இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைக் கொண்டுவந்தது எரிபொருள் சந்தை. நாட்டின் மேற்கிலுள்ள ஹாலந்துப் பகுதியின் நகரங்கள் பெருகியபோது அங்கே காடு இல்லை, நிலக்கரி இல்லை; வீட்டு அடுப்பு, செங்கல் சூளை, மது வடிக்கும் ஆலை எல்லாம் பீட்டை நம்பியிருந்தன. தொடக்கத்தில் நீர்மட்டத்துக்கு மேலே இருந்த பீட்டை மட்டும் மண்வெட்டியால் வெட்டினார்கள். அது தீர்ந்ததும் வேலை நின்றது. 16-ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் ஒரு கருவி பரவியது. நீண்ட கழியின் முனையில் கூரிய விளிம்புள்ள இரும்பு வளையம், அதில் கட்டிய வலைப்பை, இவ்வளவுதான். படகில் நின்றுகொண்டு இதை நீருக்கு அடியில் செலுத்தி, அடியிலுள்ள பீட்டைச் சேறாக அள்ளி எடுக்கலாம். இந்த எளிய கருவி ஒரு நாட்டின் வரைபடத்தையே மாற்றியது. அதற்கு முன் நீர்மட்டம் மனிதனுக்கு ஓர் எல்லையாக இருந்தது. அதன் பிறகு அடியில் உள்ள மணல் தட்டும் வரை நிலத்தை எடுத்துவிட முடிந்தது.

அந்த வேலையைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் நிலத்தின் இன்றைய வடிவம் புரியும். ஒரு நீண்ட பட்டையில் பீட்டை அள்ளுவார்கள். அதை ஒட்டிய இன்னொரு பட்டையை அள்ளாமல் விட்டுவைப்பார்கள். அள்ளிய சேற்றைக் குழைத்து, விட்டுவைத்த பட்டையின்மேல் கனமாகப் பரப்புவார்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். நீர் சற்று வடிந்ததும், காலடியில் பலகைகளைக் கட்டிக்கொண்டு அதன்மேல் நடந்து நடந்து மிதித்து இறுக்குவார்கள். பிறகு செங்கல் அளவில் வெட்டி, காற்றுப் புகும்படி அடுக்கி, மாற்றி மாற்றி அடுக்கிக் காயவைப்பார்கள். அடுக்கும் வேலையில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். இலையுதிர்கால மழைக்கும் உறைபனிக்கும் முன்னால் உலர்ந்தாக வேண்டும் என்பதால், இளவேனிலில் தொடங்கி நடுக்கோடையோடு அள்ளுவது நின்றுவிடும். அள்ளிய பட்டைக்கு அந்த வட்டாரத்தில் ‘வேர்’ என்றும், விட்டுவைத்த பட்டைக்கு ‘ரிப்’ என்றும் பெயர். பக்கத்திலுள்ள வேர்ரிப்பன் என்ற சதுப்புக்காட்டின் பெயர் இந்த இரண்டு சொற்களின் கூட்டே. மேலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள்: சீப்பின் பற்களைப் போல நீரும் நிலமும் மாறி மாறி வரும். அதை இயற்கையின் கோலம் என்று எண்ணுகிறவர்கள் பலர். அது ஒரு தொழிற்சாலையின் தரை.

உலர்ந்த பீட்டைக் கொண்டுபோக வாய்க்கால்கள் தேவைப்பட்டன. சதுப்பில் மாட்டுவண்டி புதையும்; படகு ஓடும். எனவே வடிகாலாக இருந்தவற்றை அகலப்படுத்தியும் புதிதாக வெட்டியும் வழி உண்டாக்கினார்கள். அந்த வழியே சரக்கு கரையோரத் துறைமுகமான ப்ளோக்செய்லுக்கும் அங்கிருந்து சைடர்சேயைக் கடந்து ஆம்ஸ்டர்டாமுக்கும் போனது. ‘சாலைக்குப் பதிலாக வாய்க்கால் வெட்டுவார்களா’ என்ற உங்கள் கேள்விக்கு நேர் விடை இதுதான்: அந்த மண்ணில் சாலை போடுவதுதான் வீண்செலவு. அள்ளாமல் விட்ட மனைகளும், சுற்றிலும் வெட்டிய நீர்வழிகளும் சேர்ந்து தீவுகளாயின. தீவுக்குத் தீவு பாலம் வந்தது. அடியில் படகு போக வேண்டும் என்பதால் பாலங்கள் உயர்ந்து வளைந்தன.

ஆனால் பேராசைக்கு அந்த வட்டாரம் விலை கொடுத்தது. அள்ளும் பட்டை அகலமாக இருந்தால் வரவு அதிகம். விட்டுவைக்கும் பட்டை ஒடுங்கினால் இன்னும் அதிகம். கீட்ஹோர்னுக்குத் தெற்கிலும் மேற்கிலும் விட்டுவைத்த பட்டைகளை அளவுக்கு மீறி ஒடுக்கிவிட்டார்கள். புயல் காற்றில் அலை மோத மோத அவை கரைந்து, பல பள்ளங்கள் ஒன்றாகி, ஏரிகளாயின. நீர்ப்பரப்பு அகன்றால் அலை பெரிதாகும். அலை பெரிதானால் கரை இன்னும் விரைவாகக் கரையும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் கேடு இது. 1775 நவம்பரில் சைடர்சேயின் வெள்ளம் கரையை உடைத்து உள்ளே வந்தது. ஓராண்டில், 1776 நவம்பரில், மறுபடி வந்தது. பேலாக்கே என்ற பக்கத்து ஊர் அதோடு அழிந்தது. அது இருந்த இடத்தில் இன்று பேலாக்கர்வீட என்ற ஏரி இருக்கிறது. நீருக்கடியிலிருந்து அதன் தேவாலய மணி ஒலிக்கும் என்று சொல்வது, கடலோர ஊர் எதிலும் கேட்கக்கூடிய கதைதான். ஆனால் ஊர் அழிந்தது கட்டுக்கதை இல்லை. வேர்ரிப்பன் பகுதியில் பெரும்பாலும் பின்னாளில்தான் அள்ளினார்கள். அதற்குள் பட்டைகளின் அகலத்துக்கு விதிகள் வந்துவிட்டன. சீப்புக் கோலம் அங்கே தெளிவாக மிஞ்சியதற்கும் கீட்ஹோர்ன் பக்கம் அகன்ற ஏரிகள் உண்டானதற்கும் இதுவே காரணம்.

சொந்த ஊரில் பீட் அருகியபோது, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், கீட்ஹோர்னைச் சேர்ந்த பீட் தொழிலாளர்கள் பலர் வடக்கே ஃப்ரீஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். நீருக்கடியில் அள்ளும் தங்கள் வேலைமுறையையும் கூடவே கொண்டுபோனார்கள்; அங்கே அவர்களை ஊர்ப்பெயராலேயே ‘கீட்டர்சன்’ என்று அழைத்தார்கள். போன இடத்திலும் நிலம் ஏரியானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தங்கியவர்கள் மாடு வளர்த்தார்கள், வைக்கோலுக்குப் புல் அறுத்தார்கள், கூரைக்கு நாணல் வெட்டினார்கள், மீன் பிடித்தார்கள். புல்வெளி ஒரு தீவில், மாடு ஒரு தீவில், வீடு ஒரு தீவில். மாடும் வைக்கோலும் பால் குடமும் மணப்பெண்ணும் சவப்பெட்டியும் படகில்தான் போயின. ‘பன்ட்டர்’ எனப்படும் ஒல்லியான மரப்படகை நீண்ட கழி ஊன்றித் தள்ளுவார்கள்; மாட்டுக்கும் வைக்கோலுக்கும் அகன்ற தட்டைப்படகு வேறு. வீடுகளின் உருவமும் இதற்கேற்ப அமைந்தது. மனை குறுகியதால் அகலத்தில் விரிக்க முடியாது; வைக்கோல் பெருகியபோது வீட்டின் பின்பகுதியான களஞ்சியத்தை மட்டும் உயர்த்திக் கட்டினார்கள். முன்பாதி தாழ்ந்து பின்பாதி எழுந்து நிற்கும் இந்தக் கூரைக்கு ‘ஒட்டகக் கூரை’ என்று பெயர். சமயத்தைப் பொறுத்தவரை, மெனோ சிமோன்ஸ் வழிவந்த, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தராத, ஆயுதம் ஏந்த மறுக்கும் மெனோனைட் பிரிவினர் இங்கே வலுவாக இருந்தார்கள். அவர்களுடைய தேவாலயம் இன்றும் உள்ளது.

20-ஆம் நூற்றாண்டு மூன்று திசைகளிலிருந்து வந்து ஊரை மாற்றியது. 1932-இல் அஃப்ஸ்லாய்ட்டைக் என்ற பெருங்கரை சைடர்சேயைக் கடலிலிருந்து துண்டித்தது. கீட்ஹோர்னுக்கு வெள்ள அச்சம் நீங்கியது. அடுத்து, 1942-இல், அந்த முன்னாள் கடலின் ஒரு பகுதியை இறைத்து வற்றவைத்து நோர்டோஸ்ட்போல்டர் என்ற புதுநிலத்தை உண்டாக்கினார்கள். ப்ளோக்செய்ல் துறைமுகம் ஒரே வீச்சில் உள்நாட்டு ஊரானது. என் துறைக்காரர்கள் இன்றும் மாணவர்களுக்குச் சொல்லும் பாடம் ஒன்று இங்கே இருக்கிறது. புதுநிலம் பழைய கரையைவிடப் பல மீட்டர் தாழ்வு. இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் அகன்ற ஏரி எதையும் விட்டுவைக்கவில்லை. அதனால் பழைய நிலத்தின் நிலத்தடி நீர் அந்தத் தாழ்வை நோக்கிக் கசிந்து போகத் தொடங்கியது. பின்னாளில் அதே முன்னாள் கடலில் ஃப்ளேவோலாந்து என்ற இன்னொரு புதுநிலத்தை உருவாக்கியபோது, பழைய கரைக்கும் புதுநிலத்துக்கும் நடுவே நீள ஏரிகளை விட்டுவைத்ததற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது மாற்றம் திரையரங்கிலிருந்து வந்தது. பெர்ட் ஹான்ஸ்ட்ரா என்ற இயக்குநர் 1958-இல் ‘ஃபான்ஃபாரே’ என்ற நகைச்சுவைப் படத்தைக் கீட்ஹோர்னில் எடுத்தார். ஒரே ஊரின் இசைக்குழு இரண்டாகப் பிரிந்து மல்லுக்கு நிற்பதுதான் கதை. படத்தில் ஊரின் பெயர் வேறு. ஆனாலும் அதைக் கண்டுபிடித்து வர மக்களுக்கு நாளாகவில்லை. நெதர்லாந்தில் மிக அதிகம் பேர் பார்த்த டச்சுப் படங்களில் அது ஒன்று. முதலில் உள்நாட்டார் வந்தார்கள், பிறகு ஜெர்மானியர், அண்மைக் காலத்தில் பெருந்திரளாகச் சீனர். கழி ஊன்றிய படகுகளின் இடத்தை, ஓசை எழாததால் ‘கிசுகிசுப் படகு’ எனப்படும் மின்படகுகள் பிடித்துக்கொண்டன. நிர்வாகத்தில் 1973 வரை தனி நகராட்சியாக இருந்த ஊர், அவ்வாண்டு ப்ரேடர்வீட என்ற நகராட்சியோடு சேர்ந்தது. 2001 முதல், இன்று ஸ்டேன்வெய்கர்லாந்து எனப்படும் நகராட்சிக்குள் இருக்கிறது. ‘வடக்கின் வெனிஸ்’ என்ற பட்டப்பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. வெனிஸ் தெரிந்தே காயலில் எழுப்பி, கடல் வணிகத்தால் வளர்ந்த நகரம். கீட்ஹோர்ன் நிலத்தை விற்றவர்கள் மிச்சத்தில் குடியிருந்த ஊர். இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. காணொளிகளிலும் அது வருவதில்லை. தண்ணீர் அங்கே அப்படியே நிற்பதில்லை. ஆழம் குறைந்த பள்ளங்களில் நீர்த்தாவரங்கள் வளர்ந்து, வேர்கள் பின்னி, மிதக்கும் மெத்தையாகின்றன. களப்பயணத்தில் அதன்மேல் நடந்தபோது பத்தடி தள்ளி நின்ற நாணல் என் காலடிக்கு ஆடியது. கைத்துளைப்பானை இறக்கினால் முதலில் வேர்ப்பின்னல், பிறகு வெறும் தண்ணீர், பிறகு சேறு, கடைசியில் மணல். விட்டுவைத்தால் மெத்தை தடித்து நாணற்காடாகும், பிறகு ஆல்டர் மரக்காடாகும், மெல்ல மெல்லப் பள்ளம் தூர்ந்துபோகும். குளிர்காலத்தில் நாணலை அறுத்துக்கொண்டே இருந்தால்தான் அது மரக்காடாக மாறாது. ஆனால் டச்சுக் கூரைகளுக்கு இன்று பெரும்பாலும் வெளிநாட்டு நாணலே வருவதால், அறுப்பவர்களுக்கு அதில் பெரிய வருமானம் இல்லை. 1930-களிலிருந்து இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று இந்த ஏரிகளையும் சதுப்பையும் விலைக்கு வாங்கிவந்தது. இப்போது ஊரைச் சூழ்ந்திருக்கும் வேர்ரிப்பன்–வீடன் தேசியப் பூங்காவின் ஒரு பெரும்பகுதி அந்த நிலமே. நாட்டில் அற்றுப்போயிருந்த நீர்நாய்களை 2002-இல் இங்குதான் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். பழைய பள்ளங்கள் தூர்ந்துபோனதால், பூங்காவில் சில இடங்களில் புதிதாகப் பள்ளம் தோண்டுகிறார்கள். அள்ளுவது இப்போது எந்திரம், எடுத்த பீட்டை யாரும் எரிப்பதில்லை.